மோதிரத்துக்கு ஆகாது, பேட்டரிக்கு ஆகும்!

ராசிக்கல் கடையிலிருந்து ராக்கெட் தளம் வரை... சித்தூர் – திருப்பதி ரயில் பாதையோரம் ஓர் ஊதாக் கல்லின் கதை

காட்பாடியில் ரயிலேறி வடக்கே போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் திருப்பதியில் இறங்கிவிடுவார்கள். தண்டவாளம் அங்கே நிற்பதில்லை. சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி என்று வந்த அதே பாதை ரேணிகுண்டா, காளஹஸ்தி, வெங்கடகிரி வழியாகப் போய்க் கூடூரில் சென்னை – விஜயவாடா பெரிய லைனோடு சேர்கிறது. இந்த ஒரு பாதையின் ஓரத்தில் ராசிக்கல் விற்கிறார்கள், பேட்டரி செய்கிறார்கள், அந்தக் கடைசியில் பூமியைத் தோண்டிக் காக்காப்பொன் எடுக்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு உலகம். ஆனால், மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டுகிற கல் ஒன்று இருக்கிறது. பெயர் லெபிடோலைட்.

கத்திரிப்பூ நிறத்தில், உள்ளே யாரோ ஜிகினாத் தூளைக் கொட்டிக் குழைத்ததுபோல மினுக்கும் இந்தக் கல், சில ஆண்டுகளாக இணையக் கடைகளில் ‘மனத்தை அமைதிப்படுத்தும் கல்’ என்று பரபரப்பாக விற்பனையாகிறது. மணிமாலை, பதக்கம், கையில் உருட்டிக்கொண்டே இருக்க ஒரு வழவழப்பான கூழாங்கல் என்று பல வடிவங்களில் வருகிறது. வாங்குகிறவர்களில் பலருக்கு, இது நம்மூர் காக்காப்பொன்னின் பங்காளி என்பது தெரியாது.

செதில் செதிலாக ஒரு கல்

மைக்கா என்று ஆங்கிலத்திலும் அப்பிரகம் என்று சித்த மருத்துவத்திலும் சொல்லப்படுவதுதான் காக்காப்பொன். தெலுங்கிலும் அதற்குக் ‘காகி பங்காரு’ என்றே பெயர். பொன்போல மின்னும், ஆனால் காக்கைக்குத்தான் அது பொன் என்கிற கிண்டல் இரண்டு மொழிக்கும் பொது.

மைக்கா ஒரே கனிமத்தின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். வெள்ளையாகவும் இளம்பச்சையாகவும் கிடைப்பது மஸ்கோவைட். கறுப்பு, பயோடைட். இந்தக் குடும்பத்தில் லித்தியம் கலந்து பிறந்த ஊதாப் பிள்ளைதான் லெபிடோலைட். பொட்டாசியம், லித்தியம், அலுமினியம், சிலிக்கா, ஃபுளூரின் ஆகியவை இதில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. புத்தகத்தில் தாள்கள் அடுக்கியிருப்பதுபோல, ஒவ்வோர் அடுக்கும் உறுதி. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இருக்கும் பிடிப்பு மட்டும் பலவீனம். அதனால்தான் மைக்கா எதுவாக இருந்தாலும் ஏடு ஏடாக உரிகிறது. லெபிடோலைட்டில் பெரும்பாலும் அந்த ஏடுகள் பொடிசாக இருப்பதால் மீன் செதில்போலத் தெரியும். கிரேக்க மொழியில் ‘லெபிஸ்’ என்றால் செதில். 1792-ல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் வைத்த பெயர் இது. யுரேனியத்தைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். அதற்கு முன்பு இக்கல்லுக்கு அதன் நிறத்தைக் கொண்டு ‘லிலாலைட்’ என்று பெயர் இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு லித்தியம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் ஊதாவைத் தருவது மாங்கனீசு. இந்தக் கல்லில் லித்தியம் எந்த நிறத்தையும் தருவதில்லை. சாம்பல், மஞ்சள், வெள்ளை நிறங்களில்கூட லெபிடோலைட் உண்டு. லித்தியம் தன்னைக் காட்டிக்கொள்வது தீயில்தான். பொடியாக்கிச் சுடரில் காட்டினால் சுடர் செக்கச் சிவந்து போகும்.

காளஹஸ்தியில் கோமேதகம், இணையத்தில் லெபிடோலைட்

காளஹஸ்தி என்றால் ராகு – கேது பூசை. பூசைக்கு வருகிறவர்களிடம் ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்று சோதிடர்கள் பட்டியல் சொல்வது வழக்கம். நவரத்தினப் பட்டியலில் லெபிடோலைட் கிடையாது. எந்தக் கிரகத்துக்கும் உரிய கல்லாக நம் மரபு இதைச் சொன்னதும் இல்லை. மேல்நாட்டுப் படிக வைத்தியத்தின் தோளில் ஏறி அண்மையில் வந்து சேர்ந்த சரக்கு இது.

பட்டியலில் இடம்பெறாததற்குச் சோதிடம் தவிர்த்து இன்னொரு காரணமும் சொல்லலாம். வைரத்தின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 10. மாணிக்கமும் நீலமும் 9. வைடூரியம் எட்டரை. கோமேதகம் 7-ஐ ஒட்டி நிற்கும். லெபிடோலைட் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள். மனித நகத்தின் கடினமே ஏறத்தாழ இரண்டரை. மேசைமேல் படியும் தூசியில் இருக்கும் மணல்துகள் 7. அதாவது, லெபிடோலைட் மோதிரம் போட்டுக்கொண்டு மேசையைத் துடைத்தாலே கல்லில் கீறல் விழும். பேருந்துக் கம்பியைப் பிடித்தால் ஓரம் உதிரும்.

ஆகவே தனி லெபிடோலைட்டை வைரம்போலப் பட்டை தீட்டுவது அரிது. கூழாங்கல் வடிவில் மேலே வளைவாகத் தேய்த்து, செதில்கள் உதிராமலிருக்க எபாக்சி பிசின் ஊட்டி இறுக்குகிறார்கள். குவார்ட்ஸ் எனும் வெண்கல்லுக்குள் லெபிடோலைட் செதில்கள் சிதறிக் கிடக்கும் வகை உண்டு. அதுதான் நகைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். பதக்கமாகவோ காதணியாகவோ போட்டுக்கொண்டால் உரசல் குறைவு. மோதிரமும் கைவளையும் வேண்டாம். நீரில் ஊறவைக்கக் கூடாது. நகைக்கடையில் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட்டுக் கழுவக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். செவ்வந்திக்கல் என்கிற அமெதிஸ்ட்டும் ஊதாதான். ஆனால், அது கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், கத்தியால் கீறினாலும் கோடு விழாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பமே இருக்காது.

சரி, மனஅமைதி? அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், கட்டுக்கடங்காத மனவெழுச்சி நோயாளிகள் பத்துப் பேருக்கு லித்தியம் உப்பு கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்ததை ஒரு கட்டுரையில் எழுதினார். இருமுனைக் கோளாறுக்கு இன்றுவரை முதல்வரிசை மருந்துகளில் ஒன்று லித்தியம் கார்பனேட். அதற்கும் முன்னால் அமெரிக்காவில் லித்தியம் உப்பு சோடாவிலேயே கலந்திருந்தது. இன்று நாம் குடிக்கும் செவன் அப், 1929-ல் லித்தியம் கலந்த பானமாகத்தான் கடைக்கு வந்தது.

‘லித்தியம் மனத்தை அடக்கும், இந்தக் கல்லில் லித்தியம் இருக்கிறது, ஆகவே இந்தக் கல் மனத்தை அடக்கும்’ என்பது விற்பனையாளரின் கணக்கு. கல்லுக்குள் லித்தியம் சிலிக்கா அடுக்குகளில் பூட்டிக் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க ஆலைகள் சல்பேட் உப்புகளோடு சேர்த்து 800 டிகிரிக்கு மேல் வறுக்கின்றன. உள்ளங்கைச் சூடு 37 டிகிரிகூட இல்லை. மருந்தாகச் சாப்பிடுகிறவர்களுக்கோ மருத்துவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து, லித்தியத்தின் அளவை ஒரு குறுகிய வரம்புக்குள் நிறுத்துகிறார்கள். வரம்பு தாண்டினால் அது நஞ்சு. கல்லைக் கையில் உருட்டுவது ஒருவருக்கு இதமாக இருந்தால் உருட்டலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவோ, கல் போட்ட தண்ணீரைக் குடிக்கவோ கூடாது.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

இந்தக் கல்லின் நிஜமான வீரச்செயல்கள் ஆய்வகத்தில் நடந்தவை. கிளாப்ரோத் பெயர் வைத்தாரே தவிர, கல்லுக்குள் ஒளிந்திருந்த உலோகம் அவர் கையில் சிக்கவில்லை. 1817-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர் பெட்டலைட் என்ற வேறொரு கல்லில் அதைக் கண்டுபிடித்தார். லெபிடோலைட்டிலும் அதே உலோகம் இருப்பது பிறகு தெரிந்தது. கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் ‘லித்தோஸ்’ என்ற சொல்லிலிருந்து லித்தியம் என்ற பெயர் வந்தது.

அடுத்த வேட்டை 1861-ல். ஹைடல்பர்க்கில் புன்சனும் கிர்ச்சாஃபும் தாங்கள் புதிதாக உருவாக்கிய நிறமாலைக் கருவி வழியே லெபிடோலைட்டின் சாரத்தைப் பார்த்தபோது, அதுவரை யாரும் காணாத அடர்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. அந்தப் புதுத் தனிமத்துக்கு ரூபிடியம் என்று பெயரிட்டார்கள். கொஞ்சூண்டு ரூபிடியத்துக்காக அவர்கள் கரைத்தது 150 கிலோ லெபிடோலைட். அதே நிறமாலைக் கருவியின் தம்பிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்தார். ஹீலியம் கண்டுபிடிப்பின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

ரூபிடியம் இப்போது எங்கே? விண்வெளியில். ரூபிடியம் அணுவின் அதிர்வை வைத்து நொடியைப் பிசகாமல் அளக்கும் அணுக்கடிகாரங்கள்தான் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் உயிர்நாடி. வெளிநாட்டிலிருந்து வாங்கி இந்தியாவின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளில் பொருத்திய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகி நின்றபோது, இஸ்ரோவுக்கு அது பெரிய அடி. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் சொந்தமாக ஒரு ரூபிடியம் கடிகாரத்தை உருவாக்கியது. அதைச் சுமந்துகொண்டு 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோள் கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. முன்பு நெல்லூர் மாவட்டமாக இருந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். பூமியின் நிழலில் செல்லும்போது அந்தச் செயற்கைக்கோளுக்கு மின்சாரம் தருவது லித்தியம்-அயனி பேட்டரி. ஊதாக் கல்லில் சேர்ந்து கிடக்கும் இரண்டு தனிமங்களும் ஒரே ராக்கெட்டில் ஏறிப் போயின!

ஒரு கல், ஒரு செல்போன்

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் லெபிடோலைட் கல் 50 கிராம் இருக்கிறது. அதில் லித்தியம் ஆக்சைடு 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆக்சைடு 2 கிராம். அதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜனுக்குப் போய்விடும். மிஞ்சுவது 0.9 கிராம் லித்தியம். சட்டைப்பையில் இருக்கும் செல்போன் பேட்டரியில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரு கிராம்தான்.

அந்த ஒரு கிராமைப் பேட்டரிச் செல்லாக மாற்றும் வேலையில் சித்தூர் வட்டாரம் முன்பே இறங்கிவிட்டது. அமர ராஜா நிறுவனத்தை 1985-ல் தொடங்கிய கல்லா ராமச்சந்திர நாயுடு சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டாக்காரர். ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் ஈய-அமில பேட்டரியில் வேரூன்றி, அமரான் என்ற பெயரில் நாடெங்கும் கார்களுக்குள் நுழைந்தார்கள். லித்தியம்-அயனி செல் தொழில்நுட்பத்தைத் தனியாருக்குத் தர இஸ்ரோ முன்வந்தபோது தேர்வான பத்து நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2021-ல் திருப்பதியில் லித்தியம் செல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையத்தைத் திறந்தது. பிறகு 9,500 கோடி ரூபாய் மதிப்பிலான பெருந்தொழிற்சாலைத் திட்டத்துக்கு அது தேர்ந்தெடுத்த இடம் தெலங்கானாவின் மகபூப்நகர்.

திருப்பதியிலேயே செல் தயாரிக்க வந்தது சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ். 2015-ல் தொடங்கப்பட்ட மின்னணு உற்பத்தித் தொகுப்புகளில் ஒன்றில் 165 கோடி ரூபாய் முதலீட்டில் அமைந்த அதன் ஆலை, 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. ‘நாட்டின் முதல் லித்தியம் செல் ஆலை’ என்றது மத்திய அரசு. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணித் திறனுள்ள 20,000 செல்கள், ஆண்டுக்கு 270 மெகாவாட்-மணி என்பது அறிவிக்கப்பட்ட கொள்திறன். பவர் பேங்க்தான் முதல் குறி.

ஆகச் செல் ஆலை இருக்கிறது, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செல்லுக்குள் போகும் லித்தியம் உப்பு? அது கப்பலில் வரவேண்டும். உலகச் சுத்திகரிப்பில் பெரும்பங்கு சீனாவின் கையில்.

யிச்சுன் சொல்லும் பாடம்

சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் யிச்சுன் என்ற நகரம் தன்னை ‘ஆசியாவின் லித்தியம் தலைநகர்’ என்று அழைத்துக்கொள்கிறது. அங்கு தோண்டுவது இதே லெபிடோலைட்தான். ஆஸ்திரேலியாவில் ஸ்பாடுமீன் என்ற லித்தியத் தாது, தென்னமெரிக்காவில் உப்புநீர் என்று மற்ற நாடுகள் வேறு வழியில் போக, சீனா தன் மண்ணிலிருக்கும் மைக்காவை விடாப்பிடியாக வறுத்தது. 2022 நவம்பரில் லித்தியம் கார்பனேட்டின் விலை டன்னுக்கு ஆறு லட்சம் யுவானை எட்டியபோது, அந்த ஊர் பொன்விளையும் பூமியாயிற்று.

ஆனால், பாறையில் லித்தியம் ஆக்சைடு அரை விழுக்காட்டுக்கும் கீழேதான். 0.4 விழுக்காடு என்று கொண்டால், ஒரு டன் கார்பனேட்டுக்கு ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 100 டன் பாறை வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதல். மிஞ்சும் கழிவு மலைபோலக் குவிகிறது. கல்லிலிருக்கும் ஃபுளூரின் வறுக்கும்போது வெளியேறுகிறது. 2022 இறுதியில் அந்த வட்டார ஆற்றுநீரில் மாசு தெரிந்ததும் லித்தியம் ஆலைகள் சிலவற்றை நிறுத்திவைத்து விசாரித்தார்கள். 2025 ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல்., உரிமம் முடிந்ததால் அங்கிருந்த தன் சுரங்கத்தை நிறுத்தியது. உடனே உலகச் சந்தையில் லித்தியம் விலை எகிறியது. ஒரு மைக்காக் குவாரி மூடினால் மின்சாரக் கார்களின் மூலப்பொருள் விலை ஆடுகிற காலம் இது.

இந்தியாவிலும் லெபிடோலைட் இருக்கிறது. ஜார்க்கண்டின் மைக்கா மண்டலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவானது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் தகரத் தாதுவோடு சேர்ந்து கிடைக்கிறது. கர்நாடகத்தின் மாண்டியாவில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக 2021-ல் மதிப்பிட்டார்கள். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் தாது என்ற அறிவிப்பு வந்து நாடே துள்ளியது. ரியாசி ஏலத்துக்குப் போதிய ஆள் வரவில்லை. ஏலம் போன முதல் லித்தியம் வட்டாரம், 2024-ல் சத்தீஸ்கரின் கட்கோரா.

கூடூரில் இறங்கினால்...

இனி அந்த ரயில் பாதையின் கடைசி ஊருக்குப் போகலாம். 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது கூடூரும் நெல்லூரிலிருந்து திருப்பதியோடு சேர்க்கப்பட்டது. எல்லைக்கோட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பாறை நகர்வதில்லை. கூடூரிலிருந்து சங்கம் வரை நீளும் நெல்லூர் மைக்கா மண்டலம் உலகறிந்த ஒன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹாலந்து என்ற அறிஞர் 1902-ல் எழுதிய மைக்கா ஆய்வு நூலிலேயே அது விரிவாக இடம்பெற்றது. பிகாரின் மைக்காவில் செம்மை ஓடும், நெல்லூர் மைக்காவில் பச்சை ஓடும் என்பது வியாபாரிகளின் அடையாளம். இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பிச்சுருளைத் தாங்கும் தகடு, பழைய ரேடியோவின் கன்டென்சர் என்று அது போகாத இடமில்லை. இந்தியாவின் மைக்கா இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆந்திரத்தில்தான் என்கிறது இந்தியச் சுரங்கத்துறையின் கணக்கு.

கூடூரில் எடுத்தது மஸ்கோவைட். அது பிறக்கும் பாறையின் பெயர் பெக்மடைட். கருங்கல் குழம்பு பூமிக்கு அடியில் ஆறி இறுகும்போது, எந்தப் படிகத்திலும் இடம் கிடைக்காமல் கடைசிவரை எஞ்சி நிற்கும் சாறு உறைந்தால் பெக்மடைட். பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் கடைசிப் பந்தியில் சேர்ந்து உட்காருவதைப்போல லித்தியம், பெரிலியம், டான்டலம், நையோபியம், ரூபிடியம் எல்லாம் அந்தச் சாற்றில் கூடும். நெல்லூர் மண்டலத்தின் சங்கரா சுரங்கத்தில் சமர்ஸ்கைட் என்னும் அரிய மண் தாது கிடைத்தது இப்படித்தான். லெபிடோலைட் எங்கே கிடைத்தாலும் பெரும்பாலும் இதே மாதிரிப் பாறையில்தான்.

சட்டம் இதைக் கவனிக்க நாளாயிற்று. லித்தியம் நெடுங்காலம் அணுசக்திக் கனிமப் பட்டியலில் இருந்ததால் தனியார் தொட முடியவில்லை. 2023 ஆகஸ்டில்தான் சட்டத்தைத் திருத்தி வெளியே எடுத்தார்கள். மைக்கா நேர்மாறான பாதையில் போயிற்று. 2015-ல் அதை ஜல்லி, மணலோடு சேர்த்துச் சிறுகனிமம் ஆக்கினார்கள். சிறுகனிமக் குத்தகைதாரர் மைக்காவை எடுத்து விற்றுவிட்டுப் போனார். கூடவே இருந்த லித்தியத்தையோ பெரிலியத்தையோ கணக்கில் காட்டவில்லை. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 20 அன்று, மைக்கா, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பேரைட் நான்கும் மீண்டும் பெருங்கனிமங்கள் ஆயின. பெக்மடைட்டுக்குள் மைக்காவோடு ஒட்டிக்கிடக்கும் முக்கியக் கனிமங்கள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன என்பதுதான் சுரங்க அமைச்சகம் சொன்ன காரணம்.

கூடூர்ப் பக்கத்துப் பழைய சுரங்கங்களைச் சுற்றி, பல பத்தாண்டுகளாகக் கொட்டிய கழிவு மேடுகள் வெயிலில் மினுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அகலமான ஏடாக வந்த மைக்காவை மட்டும் பொறுக்கிக்கொண்டு, உடைந்ததையும் உடன்வந்த கல்லையும் தள்ளிவிட்ட காலத்து மேடுகள் அவை. பின்னாளில் பெயின்ட்டுக்கும் மினுக்குப் பூச்சுக்கும் அரைக்கவென்று சின்னத் துணுக்குகளைச் சலித்து எடுத்தார்கள். பாறைத் துண்டுகளை மறுபடியும் அங்கேயே போட்டார்கள். இனிக் கையில் சுத்தியலும் மாதிரிப் பையுமாகக் கூடூரில் ரயிலைவிட்டு இறங்குகிற புவியியலாளர், சுரங்கத்துக்குள் இறங்கும் முன் முதலில் ஏறிப் பார்க்க வேண்டியது அந்த மேடுகளின் மேல்தான்.